வாய்ப் நுழைவாயிலில் வெளியழைப்பு வழிப்படுத்தல்

வெளியழைப்பு வழிப்படுத்தல் என்பது, ஒரு நிறுவனத்தின் உள்ளிருந்து எழும் தொலைபேசி அழைப்பு எந்தத் தடத்தின் வழியாக, எந்த எண் வடிவில், எந்தக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டு வெளியேற வேண்டும் என்பதை வாய்ப் நுழைவாயிலில் வரையறுக்கும் பணி ஆகும். வாய்ப் என்பது குரலைப் பொதிகளாகப் பிரித்து இணைய நெறிமுறை வழியாக அனுப்பும் நுட்பம். கேட்வே என்று பரவலாக அழைக்கப்படும் நுழைவாயில், இப்பொதிகளுக்கும் பொதுத் தொலைபேசி வலையமைப்புக்கும் இடையே நின்று ஒன்றை மற்றொன்றாக மாற்றுகின்றது.

இப்பணி பெரும்பாலும் செலவைக் குறைக்கும் உத்தியாகவே பாடநூல்களில் அறிமுகப்படுத்தப்படுகின்றது. இந்தியாவில் அது பாதி உண்மையே. இங்கு ஓர் அழைப்பு தவறான தடத்தில் வெளியேறினால் உரிமச் சட்டம் மீறப்படலாம். ஆம்புலன்சுக்கான அழைப்பு வேறு மாநிலத்துக்குச் செல்லலாம். அல்லது எங்குமே செல்லாமல் போகலாம்.

நுழைவாயிலும் தடங்களும்

நுழைவாயிலின் ஒரு பக்கத்தில் அலுவலகத்தின் உள் வலையமைப்பு இருக்கும். உள் தொலைபேசிகள் அதனுடன் சிப் அல்லது எச்.323 நெறிமுறையில் பேசுகின்றன. எச்.323 1996ஆம் ஆண்டில் வெளியானது. சிப் 1999இல் முதன்முறையாக வரையறுக்கப்பட்டு, 2002இல் இன்று வழங்கும் வடிவத்தைப் பெற்றது.

மறுபக்கத்தில் வெளித்தடங்கள் உள்ளன. சாதாரண வீட்டு இணைப்பு போன்ற செப்புக் கம்பி இணைப்பு எஃப்எக்ஸ்ஓ முனையில் பொருத்தப்படுகின்றது. ஒரு முனையில் ஒரு நேரத்தில் ஓர் அழைப்பு மட்டுமே செல்லும். பிஆர்ஐ எனப்படும் எண்ணிமத் தடம் நொடிக்கு 2.048 மெகாபிட் வேகம் கொண்டது. அதில் 30 பேர் ஒரே நேரத்தில் பேசலாம். சிப் டிரங்க் என்பது சேவை வழங்குநர் இணைய நெறிமுறை வழியாகவே தரும் தடம். இதில் ஒரே நேரத்தில் எத்தனை அழைப்புகள் என்பது ஒப்பந்தத்தைப் பொறுத்தது.

இந்திய எண் திட்டம்

வழிப்படுத்தும் விதிகளை எழுதும் முன் எண் திட்டத்தை அறிந்திருத்தல் வேண்டும். இந்தியாவில் உள்நாட்டு எண்கள் முன்னொட்டு நீங்கலாக 10 இலக்கங்கள் கொண்டவை. சென்னையின் குறியீடு 44, அதனுடன் 8 இலக்க உள்ளூர் எண். மதுரையின் குறியீடு 452, அதனுடன் 7 இலக்கம். பொள்ளாச்சிக்கு 4259, அதனுடன் 6 இலக்கம். எப்படிக் கூட்டினாலும் பத்துதான். வெளியூர் அழைப்புக்கு முன்னொட்டு 0, வெளிநாட்டு அழைப்புக்கு 00. ஆகவே 0ஐத் தொடர்ந்து சுழியமல்லாத ஓர் இலக்கமும் மேலும் 9 இலக்கங்களும் வந்தால் அது உள்நாட்டு அழைப்பு என்று ஒரே விதியில் அடக்கிவிடலாம். ஊர் ஊராக விதி எழுதத் தேவையில்லை.

044 என்பது சென்னை மாநகருக்கு மட்டும் உரியதன்று. காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவள்ளூர் ஆகிய ஊர்களின் 27 என்று தொடங்கும் எண்களும் இதே குறியீட்டின் கீழ் வருகின்றன. ஊரின் பெயரைப் பார்த்து வெளியூர் என்று முடிவு செய்வது இங்கு பொருந்தாது.

செல்பேசி எண்கள் 6, 7, 8, 9 ஆகிய இலக்கங்களில் தொடங்குகின்றன. முதல் இலக்கத்தை மட்டும் வைத்து செல்பேசியா, நிலைத் தொலைபேசியா என்று முடிவு செய்வது பிழையாகும். 8056 என்று தொடங்கும் எண்கள் செல்பேசி எண்கள். 8022 என்று தொடங்குபவை பெங்களூரின் நிலைத் தொலைபேசிகள், ஏனெனில் பெங்களூரின் குறியீடு 80.

நிலைத் தொலைபேசியிலிருந்து செல்பேசியை அழைக்கும் முறை 2021 சனவரி 15 அன்று மாறியது. அதற்கு முன் தமது தொலைத்தொடர்பு வட்டத்துக்குள் உள்ள செல்பேசியை 10 இலக்கத்தில் நேரடியாக அழைக்கலாம்; வேறு வட்டத்து எண்ணுக்கு மட்டும் 0 தேவைப்பட்டது. அந்நாள் முதல் எல்லாச் செல்பேசி எண்களுக்கும் 0 கட்டாயமாயிற்று. புதிய எண் தொடர்களைத் திறப்பதற்காக இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2020 மே மாதம் இதனைப் பரிந்துரைத்திருந்தது. வீட்டில் இருப்போர் ஓர் இலக்கத்தைக் கூடுதலாக அழுத்தப் பழகிக்கொண்டனர். அலுவலக நுழைவாயில்களோ, தம் விதிகளில் எழுதியிருந்தபடி 10 இலக்கங்களையே தொடர்ந்து அனுப்பினால், இணைப்புக்குப் பதிலாக 0 சேர்க்குமாறு கூறும் அறிவிப்பையே பெறும். எண் திட்டத்தை நுழைவாயிலில் ஒருமுறை எழுதிவிட்டு மறந்துவிட முடியாது என்பதற்கு இதனைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு அரிது.

ஓர் எடுத்துக்காட்டு அமைப்பு

சென்னை ராஜா அண்ணாமலைபுரத்தில் நாற்பது பேர் பணிபுரியும் ஓர் அலுவலகம் இருப்பதாகக் கொள்வோம். அதன் தலைமை அலுவலகம் பெங்களூரில் உள்ளது. இரண்டையும் ஒரு தனியார் குத்தகைத் தடம் இணைக்கின்றது. சென்னை நுழைவாயிலில் ஒரு பிஆர்ஐ, ஒரு சிப் டிரங்க், ஒரு செப்புக் கம்பி இணைப்பு ஆகியவை உள்ளன.

முதல் வேலை, பயனர் எப்படி அழுத்தினாலும் எண்ணை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருவது. பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் இ.164 பரிந்துரை இதற்கு உதவுகின்றது. நாட்டுக் குறியீட்டையும் சேர்த்து எண் 15 இலக்கங்களுக்கு மிகாது என்பது அதன் விதி. 8 இலக்கம் அழுத்தப்பட்டால் முன்னால் +9144 சேர்க்கப்படும். 0உடன் 10 இலக்கம் வந்தால் 0 நீக்கப்பட்டு +91 சேர்க்கப்படும். 6 முதல் 9 வரையிலான இலக்கத்தில் தொடங்கும் 10 இலக்கம் தனியாக வந்தால் அப்படியே +91 சேர்க்கப்படும். 00 என்று தொடங்கினால் அது நீக்கப்பட்டு + மட்டும் இடப்படும். இதன்பின் எந்தத் தடம் என்று தீர்மானித்து, அத்தடத்தின் வழங்குநர் எதிர்பார்க்கும் வடிவத்துக்கு மீண்டும் மாற்றி அனுப்ப வேண்டும். பிஆர்ஐ வழியாகச் சென்னை எண் சென்றால் 8 இலக்கம். செல்பேசி என்றால் 0உடன் 11 இலக்கம். சிப் டிரங்க் பெரும்பாலும் +91 வடிவத்தையே கேட்கும்.

இவ்வாறு இரண்டு படிகளாகப் பிரித்தால் 2021இல் நேர்ந்தது போன்ற மாற்றம் வரும்போது ஒரு தடத்தின் இறுதி விதியை மட்டும் திருத்தினால் போதும். பயனர் அழுத்தும் வடிவத்திலிருந்து நேரடியாகத் தடத்துக்கு விதி எழுதியவர்கள் எல்லா விதிகளையும் தேடித் திருத்த வேண்டியிருக்கும்.

வெளி இணைப்புக்கு எந்த இலக்கத்தை அழுத்துவது என்பதும் சிக்கலானது. இந்திய அலுவலகங்கள் பலவற்றில் வெளி லைனுக்கு 0 அழுத்துவது பழைய வழக்கம். 0 அழுத்திய பின் வெளியூருக்கு இன்னொரு 0 அழுத்தினால் அது 00 ஆகி, வெளிநாட்டு அழைப்பு விதியுடன் மோதும். பழைய இணைப்பகங்களில் முதல் 0 அழுத்தியவுடன் இரண்டாவது முறை டயல் ஓசை கேட்கும். எனவே குழப்பம் எழவில்லை. எண் முழுவதையும் சேகரித்த பின்னரே முடிவெடுக்கும் நுழைவாயிலில் இது பிழையாக வெளிப்படுகின்றது. 9ஐப் பயன்படுத்துவது அல்லது வெளி இலக்கமே இல்லாமல் செய்வது இதற்குத் தீர்வாகும். 9ஐத் தேர்ந்தால், முன்னால் 9 சேர்க்காமல் 98 என்று தொடங்கும் செல்பேசி எண்ணை நேரடியாக அழுத்துபவர்களையும் கருத்தில் கொள்ள வேண்டும்.

எண் பொருத்தம்

இலக்கங்கள் ஒவ்வொன்றாக வந்து சேரும்போது நுழைவாயில் தன் விதிகளுடன் அவற்றை ஒப்பிடுகின்றது. எண் முடிந்துவிட்டதா, இன்னும் வருமா என்பது அதற்குத் தெரியாது. வெளிநாட்டு எண்களின் நீளம் நாட்டுக்கு நாடு வேறுபடுவதால் குறிப்பிட்ட நேரம் காத்திருக்க நேர்கின்றது. சிஸ்கோ நுழைவாயில்களில் இக்காத்திருப்பு இயல்பாக 10 நொடிகள். மறுமுனையில் எதுவும் ஒலிக்காத அந்த 10 நொடிகளில் பயனர் அழைப்பைத் துண்டித்துவிடுவதே மிகுதி. எண்ணின் இறுதியில் சதுரக் குறியை அழுத்தினால் காத்திருப்பு நீங்கும். ஆனால் அதனைப் பயனர்கள் அறிந்திருப்பது அரிது.

சென்னைக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. நிலைத் தொலைபேசிச் சேவைகள் தனியாருக்குத் திறக்கப்பட்டபோது சென்னையில் 2, 3, 4, 6 ஆகிய இலக்கங்கள் வெவ்வேறு நிறுவனங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டன. 6 என்று தொடங்கும் 8 இலக்க உள்ளூர் எண்களும், 6 என்று தொடங்கும் 10 இலக்கச் செல்பேசி எண்களும் இருப்பதால், இலக்கங்களை ஒவ்வொன்றாகப் பெறும் நுழைவாயில் எட்டாவது இலக்கத்திலேயே அழைப்பை அனுப்பிவிடக்கூடும். செல்பேசிக்கு முன் 0 அழுத்தும் பழக்கம் இம்மோதலைத் தவிர்க்கின்றது.

விதிகளில் எது வெல்லும் என்பது மென்பொருளுக்கு மென்பொருள் மாறுகின்றது. 1999இல் மார்க் ஸ்பென்சர் தொடங்கிய ஆஸ்டெரிஸ்க் என்னும் கட்டற்ற மென்பொருளில், கோப்பில் எது முதலில் எழுதப்பட்டுள்ளது என்பது பொருட்டன்று. மிகவும் குறிப்பான விதியே தேர்ந்தெடுக்கப்படும். ஆயினும் ஒரு தொகுதிக்குள் வேறொரு தொகுதி சேர்க்கப்பட்டிருந்தால், முதன்மைத் தொகுதியில் பொருந்தும் விதி எவ்வளவு பொதுவானதாக இருந்தாலும் அதுவே வெல்லும். 0 என்று தொடங்கும் எதையும் ஏற்கும் விதியை முதன்மைத் தொகுதியில் எழுதிவிட்டு, வெளிநாட்டு அழைப்பைத் தடுக்கும் விதியைச் சேர்க்கப்பட்ட தொகுதியில் வைத்தால், தடை ஒருபோதும் செயல்படாது.

அவசர அழைப்புகள்

இந்தியாவில் 100 காவல்துறைக்கும், 101 தீயணைப்புத் துறைக்கும், 108 ஆம்புலன்சுக்கும், 112 ஒருங்கிணைந்த அவசர உதவிக்கும் உரியவை. தமிழ்நாட்டில் 108 சேவை 2008 செப்டம்பரில் தொடங்கப்பட்டது. வழிப்படுத்தும் பணியில் உயிரோடு தொடர்புடைய பகுதி இதுவே. விந்தையாக, பிழைகள் மிக எளிதில் நுழையும் பகுதியும் இதுவே.

சிஸ்கோ நுழைவாயிலில் பொதுத் தொலைபேசித் தடத்துக்கான விதி, தான் வெளிப்படையாகப் பொருத்திய இலக்கங்களை நீக்கிவிட்டு மீதியை மட்டும் வெளியே அனுப்பும் இயல்புடையது. 044உடன் ஏதேனும் 8 இலக்கம் என்று விதி எழுதினால் 044 நீங்கி 8 இலக்கம் செல்லும். சென்னையில் இது சரியாகவே வேலை செய்யும். அதே முறையில் 108 என்று விதி எழுதினால் மூன்று இலக்கங்களும் பொருந்தி, மூன்றும் நீங்கி, தடத்தில் எந்த எண்ணும் செல்லாது. அழைத்தவருக்கு வெறும் டயல் ஓசையோ அமைதியோ கேட்கும். இலக்கங்களை நீக்க வேண்டாம் என்றோ, அனைத்தையும் அனுப்பு என்றோ அவ்விதியில் தனியாகக் குறிப்பிட வேண்டும். மற்ற அழைப்புகள் யாவும் செல்வதால் இப்பிழை தேவைப்படும் நாள்வரை எவர் கண்ணிலும் படாது.

உள் எண்களும் இடையூறாகலாம். உள் தொலைபேசிகளுக்கு 1001, 1002 என்று எண் கொடுத்தால், 100 அழுத்தியவர் நான்காவது இலக்கத்துக்கான காத்திருப்பில் சிக்குவார். 1081 என்ற உள் எண் 108ஐ அவ்வாறே தாமதப்படுத்தும். உள் எண்களை 1இல் தொடங்காதிருப்பதே நல்லது. வெளி இலக்கம் சேர்த்தும் சேர்க்காமலும், அதாவது 108 என்றும் 9108 என்றும், இரு வகையிலும் அழைப்பு செல்லுமாறு அமைத்தல் வேண்டும். பதற்றத்தில் இருப்பவர் வெளி இலக்கத்தை நினைவில் வைத்திருப்பார் என்று எதிர்பார்க்க இயலாது.

எந்த ஊரின் தடத்தில் அழைப்பு வெளியேறுகின்றது என்பதும் முதன்மையானது. குறுகிய அவசர எண்களுக்கு ஊர்க் குறியீடு இல்லை. அவை வெளியேறும் இணைப்பகத்தைப் பொறுத்தே மறுமுனை அமைகின்றது. மேற்கண்ட அலுவலகத்தின் அழைப்புகள் அனைத்தும் பெங்களூர் நுழைவாயில் வழியாக வெளியேறும்படி அமைக்கப்பட்டிருந்தால், ராஜா அண்ணாமலைபுரத்தில் மயங்கி விழுந்தவருக்காக 108 அழைப்பவரிடம் கர்நாடகத்தின் கட்டுப்பாட்டு அறை பேசும். ஆகவே அவசர எண்கள் எப்போதும் அந்தந்த ஊரின் தடத்திலேயே வெளியேற வேண்டும். சிப் டிரங்கில் 108 எங்கு சென்று சேரும் என்பதை வழங்குநரிடம் எழுத்து வடிவில் கேட்டுப் பெறுவது நலம்.

செப்புக் கம்பி இணைப்பை வைத்திருப்பதன் பயன் இங்கு விளங்கும். அது இணைப்பகத்திலிருந்தே மின்சாரம் பெறுவதால் அலுவலகத்தில் மின்தடை ஏற்பட்டாலும் இயங்கும். சில நுழைவாயில்களில் மின்சாரம் நின்றவுடன் ஒரு தொலைபேசியை அவ்விணைப்புடன் நேரடியாகச் சேர்த்துவிடும் ரிலே உள்ளது. 2015 டிசம்பரில் அடையாறு பெருக்கெடுத்த வெள்ளத்தின்போது சென்னையின் பல பகுதிகளில் மின்சாரமும் செல்பேசிச் சேவையும் தடைபட்டன. ராஜா அண்ணாமலைபுரம் அவ்வாற்றின் வடகரையை ஒட்டியது. செப்புக் கம்பிகளின் இடத்தைக் கண்ணாடி இழை பிடித்துவருகின்றது. இழை இணைப்பின் முனைக்கருவிக்குப் பயனரின் இடத்திலேயே மின்சாரம் வேண்டும். ஆகவே தொலைபேசி எண் பழையதாக இருந்தாலும் இந்தப் பாதுகாப்பு தொடர்கின்றது என்று கொள்ளக் கூடாது.

சட்டக் கட்டுப்பாடுகள்

சென்னையில் இருப்பவர் பெங்களூரின் நிலைத் தொலைபேசி ஒன்றை அழைக்கின்றார் எனக் கொள்வோம். அழைப்பைக் குத்தகைத் தடத்தில் பெங்களூர் நுழைவாயில் வரை கொண்டுசென்று, அங்கு உள்ளூர் அழைப்பாக வெளியேற்றினால் வெளியூர்க் கட்டணம் மிச்சமாகும். பல நாடுகளின் பாடநூல்களில் வாய்ப் நுட்பத்தின் முதற்பயனாகக் கூறப்படுவது இதுவே. இந்தியாவில் இது உரிமம் பெற்ற தொலைதூரச் சேவையைச் சுற்றிச் செல்லும் கட்டணத் தவிர்ப்பாகக் கருதப்பட்டுத் தடைசெய்யப்பட்டது.

இணையத் தொலைபேசி இந்தியாவில் 2002 ஏப்ரல் 1 முதல் வரையறைகளுடன் அனுமதிக்கப்பட்டது. கணினியிலிருந்து வெளிநாட்டுத் தொலைபேசியை அழைக்கலாம், உள்நாட்டுத் தொலைபேசியை அழைக்க இயலாது. உரிமம் பெற்ற நிறுவனங்கள் இணையவழியாகத் தொலைபேசி எண்களுக்கு அழைப்பு வழங்குவது 2018இல் தெளிவாக அனுமதிக்கப்பட்டது. அழைப்பு மையங்களுக்கான விதிகள் 2020 நவம்பரிலும் 2021 சூனிலும் பெரிதும் தளர்த்தப்பட்டன. இணைப்பகக் கருவியை வெளிநாட்டில் வைத்திருக்கவும் இடமளிக்கப்பட்டது. உரிமம் பெற்றவரின் வலையமைப்பைத் தவிர்த்துச் செல்லக்கூடாது என்ற அடிப்படை மட்டும் நீடித்தது.

இத்தகைய சட்டங்களுக்கு ஏற்ப, சிஸ்கோவின் அழைப்பு மேலாண்மை மென்பொருளில் லாஜிக்கல் பார்டிஷனிங் என்ற வசதி சேர்க்கப்பட்டது. ஒவ்வொரு தொலைபேசிக்கும் தடத்துக்கும் ஓர் இடம் குறிக்கப்படும். வேறு ஊரின் பொதுத் தடத்துடன் இணைய முற்படும் அழைப்பு மறுக்கப்படும். அழைப்பை மாற்றிவிடுதல், கலந்துரையாடலில் சேர்த்தல் ஆகியவற்றின்போதும் இது சரிபார்க்கப்படுகின்றது. வழிப்படுத்தும் விதிகள் சரியாக இருந்தும், பணியாளர் ஒருவர் அழைப்பை மாற்றிவிடுவதன் மூலம் அறியாமலேயே கட்டணத் தவிர்ப்பு நிகழக்கூடும் என்பதே காரணம்.

2006 மார்ச்சில் அரசு நிறுவனங்கள் நாடு முழுவதும் நிமிடத்துக்கு ஒரு ரூபாய் என்ற கட்டணத்தை அறிமுகப்படுத்திய பின் உள்நாட்டில் தவிர்ப்பதால் கிடைக்கும் ஆதாயம் மங்கத் தொடங்கியது. வெளிநாட்டு அழைப்புகளில் ஆதாயம் மங்கவில்லை. வெளிநாட்டு அழைப்புகளை இணையத்தில் பெற்று, நூற்றுக்கணக்கான சிம் அட்டைகள் வழியாக உள்ளூர் அழைப்புகளாக மாற்றும் சிம் பெட்டிகள் கள்ளத் தொலைபேசி இணைப்பகங்களாகவே கருதப்படுகின்றன. உரிமமின்றித் தொலைத்தொடர்புச் சேவை வழங்குவோருக்கு 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் மூன்று ஆண்டு வரை சிறையோ, இரண்டு கோடி ரூபாய் வரை தண்டமோ, இரண்டுமோ விதிக்கின்றது.

அழைப்பவரின் எண்ணாகக் காட்டப்படுவது அந்தத் தடத்துக்கு ஒதுக்கப்பட்ட எண்ணாகவே இருத்தல் வேண்டும். பிஆர்ஐயின் எண்ணை வேறொரு வழங்குநரின் சிப் டிரங்கில் காட்டினால் அவ்வழங்குநர் அழைப்பை நிராகரிப்பதே வழமை.

மோசடி அழைப்புகள்

இணையத்துக்குத் திறந்துள்ள சிப் கருவியை, அதன் இயல்பான 5060 முனையில், தானியங்கி நிரல்கள் ஓயாமல் தட்டிப் பார்க்கின்றன. எளிய கடவுச்சொல் உள்ள ஓர் உள் எண் அகப்பட்டால், இரவிலோ விடுமுறை நாளிலோ அதன் வழியாக அதிகக் கட்டண வெளிநாட்டு எண்களுக்கு அழைப்புகள் பாயும். பட்டியல் மாத இறுதியில் வரும். 00 என்று தொடங்கும் அனைத்தையும் திறந்துவிடாமல், தேவைப்படும் நாடுகளை மட்டும், தேவைப்படும் தொலைபேசிகளுக்கு மட்டும் அனுமதிப்பது முதல் தற்காப்பு. ஒரே நேரத்தில் செல்லக்கூடிய வெளிநாட்டு அழைப்புகளுக்கு உச்சவரம்பு இடுதலும், அலுவலக நேரத்துக்குப் பின் அவற்றை மூடுதலும் இழப்பைக் குறைக்கும். வரவேற்பறைத் தொலைபேசிக்கு ஐஎஸ்டி வசதி இருக்க வேண்டிய காரணம் எதுவும் இல்லை.

மாற்றுத் தடம்

ஒரு தடம் பழுதானால் அடுத்த தடத்துக்கு மாறுமாறு பட்டியலிடலாம். எல்லாத் தோல்விகளுக்கும் மாறுதல் கூடாது. தடத்தில் இடமில்லை என்பதைக் குறிக்கும் காரண எண் 34, வலையமைப்புப் பழுது என்னும் 38, சிப் நெறிமுறையில் 503 ஆகியவற்றுக்கு மாறுவது பொருத்தம். அழைக்கப்பட்டவர் பேசிக்கொண்டிருக்கின்றார் என்னும் 17க்கும் அதற்கு இணையான சிப் 486க்கும் மாறினால், அதே நபரை மூன்று தடங்கள் வழியாக மூன்று முறை அழைப்பதாகவே முடியும். மாறும்போது காட்டப்படும் எண்ணும் புதிய தடத்துக்கு ஏற்ப மாற வேண்டும்.

சோதித்தல்

விதிகளைச் சோதிப்பதற்காக 108 அல்லது 100ஐ அழைத்துப் பார்ப்பது முறையன்று. சிஸ்கோ நுழைவாயிலில் ஷோ டயல்பிளான் நம்பர் என்ற கட்டளையும், ஆஸ்டெரிஸ்கில் டயல்பிளான் ஷோ என்ற கட்டளையும், கொடுக்கப்பட்ட எண் எந்த விதியில் பொருந்தும் என்பதை அழைப்பு விடுக்காமலேயே காட்டுகின்றன. எந்த இலக்கங்கள் உண்மையில் வெளியே சென்றன என்பதை அவை காட்டா. அதற்கு, அவசர விதியில் உள்ள எண்ணுக்குப் பதிலாகச் சொந்தச் செல்பேசி எண்ணைத் தற்காலிகமாக முழுமையாக எழுதி, அதே அமைப்பில் அழைத்துப் பார்க்கலாம். இலக்க நீக்கம் சரியாக அமையவில்லையெனில் செல்பேசி ஒலிக்காது. ஒலித்தால், எண்ணை மீண்டும் 108 ஆக மாற்றிச் சேமித்தபின், கருவியை ஒருமுறை மறுதொடக்கம் செய்து விதி நிலைத்திருக்கின்றதா என்று பார்க்க வேண்டும்.